டில்லியில் இருக்க வேண்டியவர்

கடலூர் பஸ்ஸிலிருந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய இளமதி, சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கும் பக்கம் கோவிந்தசாமி டீ குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். தெரிந்த முகமாயிற்றே என்று சிரிக்கக்கூடச் செய்தாள். நாலு அடி நடந்த பிறகுதான் கால் தானாக நின்றது.

கோவிந்தசாமி டில்லியில் இருக்க வேண்டியவர்.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு, குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழையப்போகும் முப்பத்து நாலு பேரில் அவர் ஒருவர். பட்டியலில் பதினேழாவது பெயர். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் பதினெட்டு. இளமதியே உட்கார்ந்து அடித்த பட்டியல் அது. ஒவ்வொரு ஆதார் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பியிருந்தாள்.

மணி ஒன்பதே கால்.

"ஐயா, நீங்க இங்க எப்படி?"

கோவிந்தசாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையாகச் சிரித்தார். தோளில் ஒரு கட்டு புதுச் சாக்கு தொங்கியது. "அடடே, டூர் பாப்பாவா! அறுப்பு மெஷின்காரன் திடீர்னு தேதி குடுத்துட்டாம்மா. விட்டா இன்னும் இருவது நாளு ஆவும்ங்குறான். நெல்லு கொட்டிப்பூடும்ல? அதான் நிண்டுக்கிட்டேன்."

"அப்ப உங்க டிக்கெட்?"

"அத வேஸ்ட் பண்ணுவனா? எம் மச்சான் காத்தவராயன அனுப்பி வெச்சிட்டேன். அக்காளுக்குத் துணையாச்சு, அவனுக்கும் ஊரு பாத்த மாரி ஆச்சு."

"எந்த ஆதார எடுத்துட்டுப் போனாரு?"

"என்னுதுதான். டிக்கெட்டு எம் பேர்ல இருக்குல்ல? ரயில்ல டி.டி.ஆர் வந்து பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லலையாம். ஆதார் போட்டோவுல எல்லாருந்தான் ஒரே மாரி இருக்கோம், திருடன் கணக்கா." அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். இளமதியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

இதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பக்கத்தில் டூர் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் அண்ணனோ மச்சானோ அந்த சீட்டில் ஏறிக்கொள்வார்கள். இளமதியும் அவள் கணவன் ராஜ்கமலும் மூன்று வருடமாக ஆட்களைப் பிச்சாவரம் படகுக்கும் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கும் ரயிலேறி வெளியூர்க் கோயில்களுக்கும் அழைத்துப் போகிறார்கள். அங்கேயெல்லாம் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எத்தனையோ தடவை இளமதியே சிரித்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். டில்லி டூருக்கு அப்படி மாறக் கூடாது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ராஜ்கமலுக்கு இவர்கள் முகம் தெரியாது. புக்கிங் எடுப்பது, பேசுவது, பட்டியல் போடுவது இளமதியின் வேலை. கூட்டிக்கொண்டு போவது அவன் வேலை. ஒவ்வொரு தடவையும் ரயில் கிளம்பும்போது அவள் ஸ்டேஷனுக்கு வந்து, ஒவ்வொருவராகக் காட்டி, இவர் இன்னார் என்று சொல்லி அனுப்புவாள். இந்தத் தடவை அவள் போகவில்லை. மாதத்தில் இருபது நாள் நீ ஊரில் இல்லை, எனக்கென்ன கல்யாணம் வேண்டிக்கிடக்கிறது என்று முதல் நாள் ராத்திரி சண்டை. காலையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இரண்டு நிமிடம் நின்றான். அவள் சமையலறையை விட்டு வரவில்லை.

அது மட்டுமா? குழுவில் உள்ள அனைவரையும் நேரில் பார்த்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், இதற்கு நானே பொறுப்பு என்று ஒரு கடிதத்தில் ராஜ்கமல் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்தக் கடிதத்தை எழுதியது அவள். நீட்டிய இடத்தில் அவன் படிக்காமல் போட்ட கையெழுத்து.

அவள் போனை எடுத்து அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

மறுபடி அடித்தாள். பிறகு கொளஞ்சியம்மாளுக்கு. பிறகு பட்டியலில் கையில் கிடைத்த எண்களுக்கெல்லாம். ஒன்றிலும் ஆள் இல்லை. ஏன் இல்லை என்பது ஏழாவது எண்ணை அடிக்கும்போதுதான் உறைத்தது. 'செல்போன் அனுமதி இல்லை, அறையிலேயே வைத்துவிட்டு வரவும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தது அவளேதான்.

"என்னம்மா ஆச்சு? சொல்லேன்" என்றார் கோவிந்தசாமி.

"ஐயா, அது கோயில் இல்ல. ஜனாதிபதி இருக்குற இடம். உங்க கார்ட காட்டி உங்க மச்சான் உள்ள போனா அது ஆள் மாறாட்டம். புடிச்சாங்கன்னா அவரையும் புடிப்பாங்க, கூட வந்த உங்க வீட்டம்மாவையும் கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரு பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு."

கோவிந்தசாமியின் தோளிலிருந்து சாக்குக் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

தெற்கு வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவர்கள் ஆபீஸ். இளமதி ஆட்டோவில் ஏறியதும் அவரும் சாக்கை வாரிக்கொண்டு கேட்காமல் கூடவே ஏறிக்கொண்டார். போகிற வழியிலேயே அவள் டில்லி ஏஜென்ட் வெங்கட்ராமுக்குப் பேசினாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக டில்லியில் இருப்பவர். பஸ், ஓட்டல், அனுமதி எல்லாம் அவர் மூலமாகத்தான். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது.

"இத வாட்ஸ்அப்ல எழுதினீங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"இல்லீங்க சார்."

"எழுதாதீங்க. குடியரசு தினம் முடிஞ்ச கையோட இன்னும் எல்லா இடத்துலயும் கெடுபிடி ஜாஸ்தி. கேஸ் போட்டா ஜாமீன் எடுக்கவே நாளாயிடும்மா. உங்க ஹஸ்பண்ட் போன் பண்ணா என் பேர எங்கயும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. நீங்க குடுத்த லிஸ்ட்ட நான் அப்படியே அனுப்பினேன், அவ்வளவுதான்."

"சார், அவுங்கள உள்ள போகாம நிறுத்த ஏதாவது..."

லைன் அறுந்திருந்தது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

ஆபீஸ் வாசலில் மறுபடி வெங்கட்ராமுக்கு அடித்துக்கொண்டே சாவியை நீட்டினாள். கோவிந்தசாமி வாங்கித் திறந்தார். ஒன்பதே முக்கால். உள்ளே போனதும் இளமதிக்கு ஒன்று நினைவு வந்தது. நேற்று ராத்திரி பஸ் நம்பரும் டிரைவர் நம்பரும் வெங்கட்ராம் அனுப்பியிருந்தார். அடித்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஹாரன் சத்தம்.

"ஹலோ, ராஜ்கமல்... ராஜ்கமல் இருக்காரா? டூர் மேனேஜர்?"

மறுமுனையில் ஹிந்தி கொட்டியது. அவளுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. 'சாப்' என்பது மட்டும் கேட்டது. இங்கிலீஷில் கேட்டாள். டிரைவர் இன்னும் சத்தமாக ஹிந்தியில் பேசினான். வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது.

"குடு இப்படி" என்று கோவிந்தசாமி போனைப் பிடுங்கினார்.

அடுத்த நிமிடம் அவர் பேசிய ஹிந்தியைக் கேட்டு இளமதி வாய் திறந்து நின்றாள். இலக்கணம் இருந்ததோ இல்லையோ, வேகம் இருந்தது. நடுவில் போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பன்னண்டு வருஷம் லாரி ஓட்டுனேன்மா. நாக்பூரு, கான்பூரு, எல்லாம் போயிருக்கேன். இவுங்கள எறக்கி உட்டுட்டானாம். வாசல் கேட்டுக்கிட்ட வரிசையில நிக்கிறாங்களாம்."

"போய் எங்க வீட்டுக்காரர கூப்பிடச் சொல்லுங்க! ஓடச் சொல்லுங்க!"

அவர் மறுபடி பேசினார். குரல் கெஞ்சியது, அதட்டியது, மறுபடி கெஞ்சியது. "மாட்டங்குறான். வண்டிய அங்க நிறுத்தவே உட மாட்டாங்களாம். எறங்குனா போலீசு சக்கரத்துல பூட்டு போட்டுடுமாம்."

"ஐயா!"

கோவிந்தசாமி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ சொன்னார். அதில் 'டிரைவர்' என்ற சொல் இரண்டு முறை வந்தது. 'கர்வாலி' என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு படாரென்று சாத்தும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம்.

"ஓடுறான்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நானும் டிரைவருதான், எம் கர்வாலி, பொண்டாட்டி, அங்க நிக்கிறா, எனக்கு வேற யாரும் இல்லன்னேன்."

போனை மேஜை மேல் வைத்து இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அதட்டினார்கள், டிரைவர் பதில் சொன்னான், நிறையப் பேர் பேசும் இரைச்சல். நடுவில் எங்கோ தமிழ் கேட்டது, ஒரு பெண் குரல், "செருப்பக் கழட்டணுமா?" என்று. பிறகு, மிக அருகில், ராஜ்கமல்.

"ஹலோ? யாரு?"

"மாமா, நான்தான்." கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். ஐந்து நாளாகக் கூப்பிடவில்லை.

"மதியா? என்ன, அம்மாவுக்கு ஏதாவது..."

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க. நீ உள்ள போயிட்டியா?"

"இல்ல. பன்னண்டு பேர் உள்ள போயாச்சு. கார்டு எல்லாத்தையும் கட்டா வாங்கி கவுண்டர்ல குடுத்துட்டேன், ஒண்ணொண்ணா கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. டிரைவர் என்னமோ கத்துறான்னு வெளிய வந்தேன். சீக்கிரம் சொல்லு."

அவள் சொன்னாள். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"பதினேழு" என்றான் கடைசியில். "நான் கேட்டேனே, கோவிந்தசாமின்னு. ஆமான்னு கையத் தூக்குனாரே அந்தாளு."

"மாமா, ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அவர வெளிய அனுப்பிட முடியுமா?" கேட்கும்போதே அவளுக்கு அது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"மொத கேட்லயே எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டாங்க மதி. கோவிந்தசாமிங்குற பேருக்கு நேரா இந்தாளு மூஞ்சி ஏறியாச்சு. கார்டும் அவுங்க கையில. இப்ப வெளிய கூட்டிட்டுப் போனா, ஏன் ஓடுறான்னு கேக்க மாட்டாங்களா?"

பின்னால் யாரோ ஹிந்தியில் அழைத்தார்கள். ராஜ்கமல், "ஏக் மினிட் சாப்" என்றான். அவன் குரல் சின்னப் பையனுடையதைப் போல ஆகியிருந்தது. நாலு வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

"பதினாலு கூப்பிட்டாச்சு" என்றான். "என்ன செய்ய?"

இளமதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீயே போய் சொல்லிடு. அவுங்களா கண்டுபிடிச்சா வேற மாதிரி. நாம முந்திக்கிட்டு சொன்னா கொஞ்சமாவது காது குடுப்பாங்க. நடந்தத அப்படியே சொல்லு. லிஸ்ட் போட்டது நான்தான்னும் சொல்லு, என் நம்பர குடு."

"உன்ன எதுக்கு இழுக்குற?"

"சொல்லு மாமா."

"மதி, என்னை உள்ள வெச்சுட்டாங்கன்னா அம்மாகிட்ட..."

"பேசாத. போ. பதினாறு கூப்பிட்டுடப் போறாங்க."

லைன் போயிற்று.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கீழே மருந்துக் கடையில் ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீதியில் பள்ளிக்கூட வேன் போயிற்று. கோவிந்தசாமி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், யாரோ எழுந்திருக்கச் சொல்லப்போகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார். அவர் போன் அடித்தது. அறுப்பு மெஷின்காரன். சாக்கு எங்கே, வண்டி சும்மா நிற்கிறது என்று அவன் கத்துவது இளமதிக்கே கேட்டது. "கெடக்குதுடா நெல்லு" என்று அவர் வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு இளமதியின் மாமியார் சிவகாமியம்மாள் கடலூரிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏண்டி, ராஜா போன எடுக்க மாட்டேங்குறான். குளிருக்கு மஃப்ளர் கட்டுனானான்னு கேக்கலாம்னா..."

"உள்ள போயிருக்காங்க அத்தை. போன் விட மாட்டாங்க. சாயந்திரம் பேசுவாரு."

"உன் குரல் ஏன் ஒரு மாரி இருக்கு? இன்னும் ரெண்டு பேரும் பேசிக்கலையா?"

"பேசிட்டோம் அத்தை."

வைத்த பிறகு இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டாள். உள்ளே போயிருக்காங்க. எந்த உள்ளே என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்களா, நிற்க வைத்திருப்பார்களா? அடிப்பார்களா? அவனுக்குப் பசி தாங்காது. பயந்தால் அவனுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்கூட திக்கும். சண்டை போட்ட ராத்திரி அவன் திருப்பி ஒரு சொல் பேசவில்லை. சாப்பிட்ட தட்டை மட்டும் தானே கழுவி வைத்தான். அதற்கும் அவள் கோபப்பட்டாள்.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. டில்லி லேண்ட்லைன் எண்.

"இளமதி பேசுகிறீர்களா?" ஆங்கிலம். ஆண் குரல். அவசரமில்லாத, ஏற்ற இறக்கமில்லாத குரல். அதுவே அவளை அதிகம் பயமுறுத்தியது. "பட்டியல் தயாரித்தது நீங்களா?"

"ஆமாம் சார்."

"இதில் ஒரு நபர் வேறு நபர் என்பது உங்களுக்கு எப்போது தெரியவந்தது?"

"இன்றைக்குக் காலை ஒன்பதே கால் மணிக்கு சார். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்."

"தெரிந்து எவ்வளவு நேரம் கழித்து உங்கள் கணவரிடம் சொன்னீர்கள்?"

அவள் நிமிடக் கணக்காகச் சொன்னாள். யார் யாருக்குப் போன் செய்தாள் என்று கேட்டார்கள். ஒரு நொடி தயங்கினாள். வெங்கட்ராம் பெயரையும் சொன்னாள். எதிர்முனையில் எழுதும் சத்தம்.

"உண்மையான கோவிந்தசாமி இப்போது எங்கே?"

"என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் சார்."

"வீடியோ கால் வரும். அவரைக் காட்டுங்கள்."

வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் முதலில் ஒரு வெள்ளைச் சுவர். பிறகு சீருடை அணிந்த ஒரு தோள். கோவிந்தசாமி எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு, கும்பிட்டபடி நின்றார். போனைப் பிடித்திருந்த இளமதியின் கை ஆடியதில் அவர் முகமும் ஆடியது.

"அசைக்காதீர்கள்" என்றது குரல்.

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். திரையின் ஓரத்தில், அந்தத் தோளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒருவர் தலையைக் கவிழ்த்திருந்தார். இன்னொருவன் ராஜ்கமல். பச்சை ஸ்வெட்டர். இரண்டு கையும் முழங்கால் மேல். அவன் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தானா என்று அவள் தெரிந்துகொள்வதற்குள் கேமரா திரும்பிவிட்டது.

ஹிந்தியில் ஏதோ கேட்டார்கள். கோவிந்தசாமி பதில் சொன்னார். 'மெஷின்' என்றார். கையால் கதிர் சாய்வதைப் போலக் காட்டினார். இன்னொரு கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லாமல் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் மனிதர் அப்படி நிற்பதை இளமதியால் பார்க்க முடியவில்லை.

திரை இருண்டது.

"என்ன கேட்டாங்க?"

"சட்டம் தெரியாதான்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். தெரியாதுன்னா உட்டுடுவாங்களா, போற எடத்துக்குத் தக்கன நடக்க வேணாமான்னாரு." அவர் உட்கார்ந்தார். "அவரு கேட்டது நாயந்தானம்மா."

"விடுறேன்னு ஏதாவது?"

"சொல்லல."

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. கோவிந்தசாமி கீழே போய் இரண்டு சாம்பார் சாதம் பொட்டலம் வாங்கிவந்தார். இருவரும் பிரிக்கவில்லை. இளமதி சென்னையிலிருந்து டில்லிக்கு விமானம் எப்போது என்று பார்த்தாள். ராத்திரி ஒன்று இருந்தது. போய் யாரைப் பார்ப்பது, எந்த வாசலில் நிற்பது, யாரிடம் என்ன மொழியில் கேட்பது? அரசாங்கக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் போட்டுவிட்டு, அந்தக் கட்டடங்களில் தனக்குத் தெரிந்த ஒரு மனிதர்கூட இல்லை என்பதை அன்றுதான் அவள் நினைத்துப் பார்த்தாள். வழுவழுப்பான நோட்டீஸில் அவளே தேர்ந்தெடுத்துப் போட்ட படங்கள் சுவரில் இருந்தன. பெரிய தூண்கள், பெரிய வாசல். அவற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இரண்டே காலுக்கு டிரைவர் நம்பரிலிருந்து அழைப்பு.

"மதி."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"விட்டுட்டாங்க. பஸ்ல இருக்கேன். மச்சான்காரரும் இருக்காரு. எழுதி வாங்கிக்கிட்டாங்க, ரெண்டு பேர் கைரேகையும் எடுத்தாங்க. அந்த கார்ட வெச்சுக்கிட்டாங்க, விசாரிச்சு அனுப்புவாங்களாம். உங்கிட்ட கேட்ட எல்லாத்தையும் எங்கிட்ட தனியா கேட்டாங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு இருந்திருந்தா..."

"அடிச்சாங்களா?"

"சே, இல்ல. டீ கூட குடுத்தாங்க. குடிக்காம மேலெல்லாம் கொட்டிக்கிட்டேன். அங்கயே உக்காந்திருக்கும்போது நம்ம வீட்டு வாசல் கதவு என்ன கலர்னு யோசிச்சுப் பாத்தேன் மதி. ஞாபகமே வரல."

"நீலம்."

"ஆமா. நீலம்." பின்னால் பஸ்ஸில் பேச்சுச் சத்தம். "மத்தவங்க எல்லாம் பாத்துட்டு வந்துட்டாங்க. கொளஞ்சியம்மா மட்டும் உள்ள போவல. தம்பி வராம வரமாட்டேன்னு கேட்டுக்கு வெளிய நாலு மணி நேரம் நிண்ணுருக்காங்க. இரு, பேசணுமாம்."

கோவிந்தசாமி ஆவலாகக் கையை நீட்டினார். போனைக் காதில் வைப்பதற்கு முன்பே கொளஞ்சியம்மாள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யோவ், நெல்லு அறுத்தாச்சா இல்லையா? அந்த மாளிகை ரோசாத் தோட்டத்தப் பாக்கத்தான்யா நான் வந்தேன்! எந் தம்பிய போலீசுக்குக் குடுத்துட்டு நீ அங்க டீ குடிச்சிக்கிட்டு இருக்கியா?"

"சாப்புட்டியாடி?" என்றார் கோவிந்தசாமி. கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மூன்று மணி. படியில் நின்று, "அந்த ஆபீசருங்க மறுபடி கூப்புடுவாங்களாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றாள். அது உண்மை. கார்டு அங்கே இருக்கிறது. கைரேகை அங்கே இருக்கிறது. இனி தெரியாத எண் எது வந்தாலும் எடுத்தே ஆக வேண்டும்.

சாயந்திரம் ஓட்டல் அறையிலிருந்து ராஜ்கமல் மறுபடி பேசினான். நாளைக்குப் பாராளுமன்றம். அதற்குப் போகாமல் குழுவை ஆக்ராவுக்குத் திருப்பிவிட்டதாகச் சொன்னான். யாரும் முணுமுணுக்கவில்லையாம். குரல் ஓரளவு பழையபடி இருந்தது. ஆனால் நடுநடுவே நின்றது, பின்னால் யாராவது வருகிறார்களா என்று கேட்பதைப் போல.

"கதவத் தாழ் போட்டுட்டேனான்னு மூணு தடவ பாத்துட்டேன்" என்றான்.

"மாமா, அடுத்த டூருக்கு நானும் கூட வரேன். இங்க தனியா உக்காந்துக்கிட்டு என்னால ஆவாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். "ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டா, வெளிய இருந்து போன் பண்ண ஆள் வேணாமா?"

அதைச் சொன்ன பிறகு அவன் சிரிக்கவில்லை. போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. டில்லியில் அவன் அறை மின்விசிறி இல்லாமல் நிசப்தமாக இருந்தது. சிதம்பரத்தில் அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டு, அவன் மூச்சு சீராகிறதா என்று கேட்டுக்கொண்டே, ஆபீஸ் கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள்.